மறுகா எண்டு கேட்டவள்

போன கிழமை சின்னவன் கைத்தொலைபேசியில் ஒரு கதை விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். அதில் ஒரு வில்லன் ராச்சியத்தைப் பிடித்துவிட்டு, அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் தன் ஆட்களையே பிடித்துச் சிறையில் போடுகிறான். "இவன் சரியான மொக்கன் அப்பா" என்று சின்னவன் சிரித்தான். "மொக்கனா எழுதினாத்தானே நீ வெல்லலாம்" என்று மூத்தவள் அவனைச் சீண்டினாள். பிறகு நீங்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். அதற்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடிய ஒரு ஆளை எனக்குத் தெரியும். அவளைப் பற்றித்தான் இதில் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும்.

அவள் எனக்கு மச்சாள் முறை, உங்களுக்கு மாமி முறை. பெயரை எழுதமாட்டேன். இப்போது எங்கேயோ குடும்பமாக இருக்கிறாள். எங்கள் ஊரில் ஒரு பெயரை எழுதிவைத்தால் அதிலிருந்து மூன்று கதை முளைக்கும்.

பழுகாமத்தில் சந்திக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள். விண்ணப்பம் நிரப்புவது, கடிதம் அடிப்பது, வெளிநாட்டுக்கு டெலிபோன் எடுத்துக் கொடுப்பது, இவைதான் வேலை. கடையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் அந்தக் காலம் கொம்பியூட்டர் இருந்த இடங்களை ஒரு கை விரலில் எண்ணலாம். கொழும்பில் வேலை செய்த அவளுடைய தம்பி, "இத விளையாடினா இங்கிலீசு வரும்" என்று ஒரு சீடியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதில்தான் அந்த விளையாட்டு இருந்தது.

ஒரு கோட்டை நகரம். அதன் ராஜா செத்துப்போகிறார். அவருடைய அரச கதிரைக்கு ஒரு மந்திரியும், ஒரு சேனாதிபதியும், ராஜாவின் பெண்சாதியுடைய தம்பியும் அடிபடுகிறார்கள். விளையாடுகிற ஆள் ஒரு சாதாரணக் குடியானவனாக அந்த நகரத்துக்குள் நடந்து திரிய வேண்டும். எதிரில் வருகிற எல்லோரோடும் கதைக்க வேண்டும். கதைப்பதெல்லாம் இங்கிலீசு எழுத்தாகப் பெட்டி பெட்டியாக வரும். மச்சாள் மடியில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியையும் வாசித்து, அதைத் தமிழில் விரித்துச் சொல்லுவாள்.

எங்கள் கோயில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை வாசிக்க, பக்கத்தில் இருப்பவர் அதன் பொருளை எல்லோருக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லுவார். பயன் சொல்லுதல் என்பது அதற்குப் பெயர். "இண்டைக்கு மச்சாள் கடையில பயன் இரிக்கு" என்று நாங்கள் பகிடிக்குச் சொல்லப்போய், அதுவே பேராகிவிட்டது. பின்னேரத்தில் வயல் வட்டையால் வருகிறவர்கள் காலில் சேற்றோடு வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

எங்களுக்கெல்லாம் பெரிய கரைச்சல் என்னவென்றால், அவள் லேசில் யாரையும் வெட்டமாட்டாள். வில்லன் எதிரில் நிற்பான். வாள் கையில் இருக்கும். அவள் அவனோடு கதைத்துக்கொண்டே இருப்பாள்.

"வெட்டுகா அவனை. எனக்கு மாடு கட்டப் போகோணும்" என்பார் வாசலில் நிற்கிற ஒருவர்.

"பொறுங்க. இவன்கிட்ட இன்னும் ஒரு கதை மிச்சம் இரிக்கு."

"கெட்டவன்கிட்ட என்னகா கதை?"

"இவனுக்குக் கதிரை கிடைச்சா மறுகா என்ன செய்வான் எண்டு கேக்கோணும்."

மறுகா என்பது எங்கள் சொல். மற்ற ஊர்க்காரர் பிறகு என்பதை நாங்கள் மறுகா என்போம். வெளியூரில் போய் வாய் தவறிச் சொன்னால், மட்டக்களப்பான் என்று உடனே பிடித்துவிடுவார்கள். நாங்கள் கதை சொல்லும்போது மறுகா, மறுகா என்று கோத்துக்கொண்டு போவோம். அவள் மட்டும் அந்தச் சொல்லைக் கேள்வியாகவே வைத்திருந்தாள். வில்லன் என்றில்லை, யாராக இருந்தாலும் அதுதான் கேள்வி. ஒருநாள் நான் ஆசையோடு போய்ச் சொன்னேன்:

"மோட்டச்சைக்கிள் ஒண்டு எடுக்கப் போறன் மச்சாள்."

"எடு. மறுகா?"

"மறுகா என்ன, ஓடுவன்."

"எங்க ஓடுவாய்?"

"களுவாஞ்சிக்குடிக்குப் போவன்."

"மறுகா?"

"திரும்பி வருவன்."

"அதுக்கு இப்ப இரிக்கிற சைக்கிள் காணாதா மச்சான்?"

அவளோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. ஆனால் மோட்டச்சைக்கிளும் எடுக்கவில்லை.

அவளிடம் ஒரு கொப்பி இருந்தது. அடிமட்டம் வைத்து மூன்று நிரல் கீறியிருந்தாள். முதல் நிரலுக்கு மேலே "என்ன வேணும்", இரண்டாவதுக்கு "ஏன் வேணும்", மூன்றாவதுக்கு "மறுகா". விளையாட்டில் வருகிற ஒவ்வொரு வில்லனுக்கும் ஒரு வரி. மந்திரிக்கு முடி வேணும், ஏனென்றால் முப்பது வருடம் பக்கத்தில் நின்று விசிறியவன். சேனாதிபதிக்குப் படை முழுக்க வேணும், ஏனென்றால் பாதிப் படையைத் தந்ததை அவமானமாக நினைத்தவன். முதல் இரண்டு நிரலும் நெருக்கமாக எழுதி நிரம்பிக் கிடக்கும். மூன்றாவது நிரலில் ஒரு எழுத்தும் இராது. "எழுத மறந்திட்டியா?" என்று கேட்டேன். "நான் மறக்கல்ல. அவங்களுக்கே தெரியா. நான் என்னத்தை எழுத?" என்றாள்.

மந்திரியின் கதை உங்களுக்குப் பிடிக்கும். முடியைப் பிடித்தவுடன் அவனுக்குப் பயம் வந்துவிடுகிறது. நகரத்தில் உள்ள எல்லாக் கதவுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி என்று கட்டளை போடுகிறான். சாவி அவன் கழுத்தில். எதிரி வருகிறான். வாள் இருக்கிற அறையைத் திறக்க வேண்டும். மந்திரி குளிக்கப் போன இடத்தில் சாவியைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கே வைத்தேன் என்று தேடுகிறான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மச்சாள் பயன் சொன்னாள்: "பூட்டுறதில ஆள் கெட்டிக்காரன். திறக்கிறதைப் பத்தி நினைக்கவே இல்ல. பூட்டினா மறுகா திறக்கத்தானே வேணும்."

சேனாதிபதியின் கதைக்கு யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. அவன் சண்டைக்கு முன் நீளமாகப் பேசுவான். கூத்தில் ராஜா களரிக்கு வந்து தன் பெருமையைத் தானே பாடி ஆடுவாரே, அந்த வரவு மாதிரி. பேசி முடிய, எதிரிக்கு அகப்படக் கூடாதென்று தன் நெல்லுக் களஞ்சியத்துக்குத் தானே தீ வைக்கிறான். எதிரி அந்தப் பக்கம் வரவே இல்லை. அவனுடைய படைதான் பட்டினி கிடந்தது, களஞ்சியத்தைச் சுற்றியிருந்த குடிகளும் பட்டினி கிடந்தார்கள்.

"இவ்வளவு மொக்கன் எப்பிடிக்கா சேனாதிபதியானான்?" என்று வாசலில் நின்ற ஒருவர் கேட்டார்.

மச்சாள் விளையாட்டைப் பின்னுக்குக் கொண்டுபோய் முதல் அதிகாரத்தைத் திரும்பத் திறந்தாள். அதற்கு இரண்டு நாள் எடுத்தாள். பிறகு பதில் சொன்னாள்: "ராஜா சபையில கேட்டிரிக்கார், ஆர் பொறுப்பெடுக்கிற எண்டு. ஒருத்தருக்கு வீட்டில கலியாணம், ஒருத்தருக்கு வெள்ளாமை வெட்டு. எல்லாரும் போயிட்டாங்க. இவன் மட்டும் நிண்டவன். அவ்வளவுதான்."

இன்னொன்றும் சொன்னாள். அது எனக்கு அப்போது சரியாக விளங்கவில்லை. "கெட்டவன் கெட்டிக்காரனா இருந்தா அவன் நினைச்ச ஆளுக்குத்தான் கேடு. ஏலாதவனா இருந்தா அவன் நினையாத ஆளுக்கும் கேடு. அவன் கையை வீசினா எங்க படும் எண்டு அவனுக்கே தெரியா."

மூன்றாவது வில்லனிடம், அதாவது அந்த மச்சினன்காரனிடம், போய்ச் சேர்வதற்கு முன்னமே நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. சண்டை வந்து ஊருக்குள் செல் குண்டு விழுந்தது. வெள்ளாமை கதிர் பழுத்து நிற்கிறது, ஒரு பிடி வெட்டவில்லை. உழவு மெசினில் ஏற்றக்கூடிய சனத்தை ஏற்றிக்கொண்டு நான் வாவிப் பாலத்துக்கு வந்தேன். உங்கள் அம்மா என் பக்கத்தில் மட்கார்ட்டில் இருந்தாள். மூத்தவள் அப்போது அவள் வயிற்றில். எல்லோரும் அரிசி, பானை, பாய் என்று கொண்டுவர, மச்சாள் கொம்பியூட்டரின் பெட்டியை மட்டும் சீலையால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். திரையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். திரை பாரம் என்றாள்.

"அரிசிப் பானை கிடக்க, தகரப் பெட்டியக் கட்டிப்பிடிச்சிட்டு வாறாள் கா" என்றார் எதிர்வளவுப் பாக்கியம் அக்கா. "புருசன் கட்டார்ல, இவளுக்குப் பெட்டிதான் புருசன்."

மெசினில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த நேரத்திலும் சிரித்தார்கள். மச்சாளுக்கு முகம் கறுத்துப்போனது. பாலத்துக் காவல் சென்றியில் ஆமிக்காரன் ஒருவன் பெட்டியைத் தட்டி, "மே மொகத?" என்று கேட்டான். இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறான். அவள் சீலையை அவிழ்த்துக் காட்டினாள். அவன் பின்பக்கத்து ஓட்டைகளை எல்லாம் பார்த்துவிட்டு, திரை எங்கே என்று கையால் கேட்டான். இல்லை என்று அவளும் கையால் சொன்னாள். அவனும் சிரித்துவிட்டு விட்டுவிட்டான்.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் தேவாலயத்தோடு சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களை இருத்தினார்கள். முதல் நாள் சோற்றுப் பார்சல் வந்தபோது எல்லோரும் பாய் விரிக்க இடம் தேடி ஓட, சத்தமான குரல் உள்ள ஒருவர் மட்டும் வாசலில் நின்று, "வரிசையா வாங்க, வரிசையா வாங்க" என்றார். அன்றைக்குப் பின்னேரமே அவர் முகாம் தலைவர். எங்கள் ஊர்க்காரர் இல்லை. ஆள் கெட்டவர் என்றும் சொல்லமாட்டேன். மூன்றாம் நாள் எங்கேயோ போய் "தலைவர்" என்று ஒரு இறப்பர் முத்திரை செய்துகொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

கக்கூசுக்குப் போவதற்கு முத்திரை குத்திய துண்டு கொடுத்தார். அவசரம் உள்ளவர்கள் துண்டுக்கு நிற்பார்கள், துண்டு எடுத்தவர்களுக்கு அவசரம் போயிருக்கும். தண்ணீர் வீணாகிறதென்று தாங்கிக் குழாய்க்குப் பூட்டுப் போட்டார். ஒருநாள் காலையில் சாவியைக் காணவில்லை. பிள்ளைகளும் கிழடுகளும் வாளியோடு மத்தியானம்வரை நின்றார்கள். "மந்திரி" என்று முதலில் சொன்னது யாரென்று தெரியவில்லை, பின்னேரத்துக்குள் முகாம் முழுக்க அதுவே பெயர்.

நான் சிரித்துக்கொண்டு மச்சாளிடம் போய்ச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த மந்திரி பெட்டிக்குள்ள இரிக்கான் மச்சான். இவர் வெளிய இரிக்கார்."

அடுத்த கிழமை ஒரு செய்தி வந்தது. வெள்ளாமையை வெட்ட, பேர் கொடுத்த ஆட்களைக் காலையில் பஸ்ஸில் அக்கரைக்கு விட்டுப் பின்னேரம் திருப்பிக் கொண்டுவருவார்களாம். ஒரு பட்டியலில் உள்ளவர்களுக்கு மூன்று நாள், பிறகு அடுத்த பட்டியல். யார் யார் என்று தலைவர் அரசாங்கக் கந்தோருக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். பழுத்து நிற்கிற கதிர் இன்னும் பத்து நாள் தாங்காது. யானையும் அவிழ்த்துவிட்ட மாடும் வேறு. எனக்கு மூன்று ஏக்கர். அந்த நெல் இல்லாவிட்டால் பிள்ளை பிறக்கிற வருடம் வீட்டில் சோறு இல்லை.

தலைவர் ஒவ்வொருவரும் தன்னிடம் தனித்தனியே வந்து கேட்க வேண்டும் என்றார். கேட்டவர்களையும் "யோசிக்கிறன்" என்று அனுப்பினார். மூன்று நாள் யோசித்தார். பட்டியலைப் பார்த்தால் ஒரு துண்டு வயல் இல்லாதவர்கள் பெயர் மேலே இருக்கிறது. நான் பொறுக்கமாட்டாமல் நாலு பேர் நிற்க, "இவர் அந்த மந்திரிதான், இன்னும் சாவியத் தேடுறார்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தலைவர் என் பெயரை வெட்டக் கொப்பியைத் திறந்தார். பேனை எழுதவில்லை. உதறிப் பார்த்தார், அப்போதும் எழுதவில்லை. பக்கத்தை இழுத்துக் கிழித்துவிட்டார்.

அந்தப் பக்கத்தில் எங்கள் வட்டையைச் சேர்ந்த பதினொரு குடும்பத்தின் பெயர் இருந்தது.

மச்சாளிடம் போனபோது அவளுக்கு முதலே தெரிந்திருந்தது. "வரவு நல்லா ஆடினாயாம்" என்றாள். "மறுகா?"

நினையாத ஆளுக்கும் கேடு என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான் விளங்கியது. கையை வீசியது அவர். வீச வைத்தது நான்.

அடுத்த நாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு தலைவரிடம் போனாள். "மன்னிப்புக் கேட்டிட்டு வாய மூடிட்டு இரி" என்பது எனக்குக் கட்டளை. கேட்டேன். தலைவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மச்சாள் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணே, பட்டியலைக் கந்தோருக்குக் குடுத்தா மறுகா?"

"மறுகா அவங்க பார்த்து ஆமிக்கு அனுப்புவாங்க."

"மறுகா?"

"பஸ் வரும். சனம் ஏறும். உனக்கென்ன இது தெரியாதா?"

"காலையில அம்பது பேர் போறாங்க. பின்னேரம் பாலத்தில எண்ணுவாங்க. நாப்பத்தொம்பது எண்டா?"

தலைவர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆரைக் கூப்பிட்டுக் கேப்பாங்க அண்ணே? பட்டியல்ல ஆர்ர முத்திரை இரிக்கு?"

தலைவர் மேசையில் கிடந்த முத்திரையைப் பார்த்தார். அந்த நாட்களில் ஒரு ஆள் குறைந்தால் அதற்கு ஆமியிடம் பதில் சொல்வது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, விளக்கவும் விருப்பமில்லை.

"இத ஏன் புள்ள முன்னமே சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே."

"எனக்குப் பிரசர் இரிக்கு புள்ள. நீ படிச்சவள். நீயே வைச்சிக்க." முத்திரையையும் மைத்தட்டையும் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

வெளியே வந்து நான் சிரித்தேன். அவள் முத்திரையைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். "ஏமாத்தினன் எண்டு நினைக்கிறயா? நான் சொன்னது உண்மை. இனி அந்தப் பதில் என்ர கையில கிடக்கு" என்றாள்.

தேவாலயத்துப் போதகர் ஒரு திரையைக் கொடுத்துதவினார். தகரப் பெட்டிக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது. வயல் உள்ளவர்கள், கதிர் முற்றியது முன்னுக்கு, முற்றாதது பின்னுக்கு என்று ஒரே நாளில் பட்டியல் அடித்து, எல்லோருக்கும் முன்னால் வாசித்தாள். பட்டியலுக்குப் பதில் சொல்கிற ஆளும் கூடப் போக வேண்டும் என்பதால் அவளும் பஸ்ஸில் வந்தாள். ஒவ்வொரு பின்னேரமும் பாலத்துக்கு வரமுன் தன் விரலால் எல்லோரையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒருவரும் குறையவில்லை. பதினொரு குடும்பமும் கூடி நின்று வெட்டி, என் மெசினால் சூடடித்து, நெல்லைக் கொண்டுவந்தோம். மூத்தவள் பிறந்த வருடம் வீட்டில் சோறு இருந்தது இப்படித்தான்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் நடந்தது இன்னும் இருக்கிறது.

சனம் அவளைத் தேடி வரத் தொடங்கியது. "தலைவி, தலைவி" என்றார்கள். கதிரை ஒன்று கொண்டுவந்து போட்டார்கள். கக்கூசுத் துண்டை அவள் முதல் நாளே நிறுத்தியிருந்தாள். ஆனால் வேறு துண்டுகளுக்கு முத்திரை கேட்டார்கள், அவளும் குத்தினாள். குத்துமுன் வாயால் ஊதி, சரியாகப் பார்த்து, அழுத்திக் குத்துவாள்.

இரண்டாவது பட்டியலுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் பாக்கியம் அக்கா வந்தார். நான் மெசின் ஓடுகிற ஆள் என்பதால் எல்லாப் பட்டியலிலும் இருந்தேன். என் பெயரை எழுதிவிட்டு, பேனையைக் கையில் வைத்துக்கொண்டு மச்சாள் நிமிர்ந்தாள். கொப்பி திறந்து கிடந்தது.

"என்ர ரெண்டு ஏக்கரையும் போடு கா" என்றார் பாக்கியம் அக்கா.

மச்சாள் அவரை ஒரு தரம் பார்த்தாள். "நாளைக்கு வாங்க" என்றாள்.

பாக்கியம் அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நானும் மெசினுக்கு டீசல் பார்க்கப் போய்விட்டேன். கந்தோர்க்காரர் பட்டியலை எடுக்க வெள்ளிக்கிழமைதான் வருவதாக இருந்தது. அடுத்த நாள் வியாழன் காலையிலேயே வந்து, அவசரம் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போய் ஒரு மணித்தியாலம் கழித்துப் பாக்கியம் அக்கா முழுகி, தலைமுடியை இழுத்துக் கட்டி, பெயர் கொடுக்க வந்து நின்றார்.

மச்சாள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"நேத்து அவவை நாளைக்கு வா எண்டன். ஏன் எண்டு கேள்."

"ஏன்?"

"சொல்ல நல்லாயிருந்திச்சு மச்சான். வேற ஒண்டும் இல்ல."

கந்தோர்க்காரர் முந்தி வந்துவிட்டார் என்று சொன்னால் முகாமே நம்பியிருக்கும். அதுவும் உண்மைதானே. நான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. பாக்கியம் அக்காவிடம் போய், எல்லோரும் நிற்க, "நேத்து எழுதியிரிக்கலாம். பெட்டி புருசன் எண்டு சொன்னீங்களே, அதுக்காக நான்தான் எழுதாம விட்டன்" என்றாள்.

பாக்கியம் அக்கா ஏசினார். அரை மணித்தியாலம் ஏசினார். அவருடைய பரம்பரைச் சொத்து அந்த வாய்தான். மச்சாள் நின்று முழுவதையும் கேட்டாள். முடிவில் பாக்கியம் அக்கா நிலத்தில் இருந்து அழுதார். "பகிடிக்குத்தானே கா சொன்னன். ரெண்டு ஏக்கர் கா" என்றார். ஏசும்போது இல்லாத வலி எனக்கு அப்போதுதான் வந்தது.

இரண்டாவது பட்டியலின் மூன்று நாளும் மச்சாள் பஸ்ஸால் இறங்கியதும் பாக்கியம் அக்காவின் வயலுக்குப் போனாள். தாக்கத்தி அரிவாள் பிடித்துப் பழகாத கை. அவள் வெட்டிக் கிடத்திய கதிர் உப்பட்டியைப் பார்த்தால் கோழி கிளறியது போல இருக்கும். மற்றவர்களுக்குத் தங்கள் வயலே முடியவில்லை. மூன்றாம் நாள் நான் மெசினைக் கொண்டுபோய் அவள் வெட்டியதை அடித்துக் கொடுத்தேன். நாலு சாக்கு வந்தது. முழுக்க வெட்டியிருந்தால் ஐம்பதுக்குக் குறையாது. மிச்சத்தை அந்தக் கிழமை யானை மிதித்தது.

நாலு சாக்கையும் இறக்கும்போது பாக்கியம் அக்கா அவளுடைய உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கொப்பளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"பெட்டி தூக்கின கை" என்றார். "இதுக்குத் தேங்காயெண்ணெய் பூசுகா. உப்புத் தண்ணியில வைச்சிராத."

மூன்றாவது பட்டியலுக்கு மச்சாள் ஒரு ஏற்பாடு செய்தாள். பேனை தன்னிடம், முத்திரை பாக்கியம் அக்காவிடம். பாக்கியம் அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே மச்சாள் ஒவ்வொரு பெயரையும் உரத்து வாசிக்க வேண்டும். அவர், இன்ன ஆள், இன்ன வட்டை, கதிர் இன்ன பதம் என்று சொல்லி ஒத்துக்கொண்ட பிறகுதான் குத்துவார். வாசிக்க ஒருவர், பயன் சொல்ல ஒருவர். கோயிலில் காலம் காலமாக நடப்பதுதான். முதல் நாள் மச்சாள் பட்டியலை நீட்ட, பாக்கியம் அக்கா முத்திரையை மடிக்குள் வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நாளைக்கு வா" என்றார்.

சுற்றி நின்றவர்கள் மச்சாளின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு பாக்கியம் அக்காவே முதலில் சிரித்தார். மச்சாளும் சிரித்தாள். முத்திரை விழுந்தது.

ஊருக்குத் திரும்பிய நாள் அவளுடைய கொம்பியூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடையில் வைத்தது நான்தான். கடையில் அவள் விட்டுவந்த திரையைக் காணவில்லை. மேசையும் இல்லை. பெட்டியை நிலத்தில் வைக்கும்போது சீலைக்குள் இருந்து அந்தக் கொப்பி விழுந்தது. அவள் கிணற்றடியில் நின்றாள். நான் எடுத்து விரித்தேன்.

மந்திரி இருந்தான். சேனாதிபதி இருந்தான். கடைசிவரை போய்ச் சேராத அந்த மச்சினன்காரனுக்கும் ஒரு வரி கீறி, வெறுமையாக விட்டிருந்தாள். அடுத்ததாக முகாம் தலைவரை எழுதியிருப்பாள் என்று தேடினேன். அவர் இல்லை. எனக்கு ஒரு வரி இருக்குமோ என்று பயந்தேன். அதுவும் இல்லை.

கடைசி வரியின் தொடக்கத்தில் "நான்" என்று இருந்தது. என்ன வேணும் என்ற நிரலில், முத்திரை. ஏன் வேணும் என்ற நிரலில், சனத்துக்காக. கொப்பி முழுவதும் எழுத்து விழாமல் கிடந்த மூன்றாவது நிரலில், அந்த ஒரு வரியில் மட்டும், இரண்டு சொல் எழுதியிருந்தாள்.

"நாளைக்கு வா."